வீட்டு முற்றத்தில் விமானம் செய்வோர்

திருகோணமலை மக்களுக்கு விமானக் கதை புதிதன்று. கோணேசர் கோயிலுக்கு ஏறிச் செல்லும் பெற்றோர், மலைப் பிளவைச் சுட்டி 'இராவணன் வெட்டு' என்று பிள்ளைகளுக்குக் காட்டும்போதே, அவ்வரசனுடைய புட்பக விமானமும் பேச்சில் வந்து சேர்ந்துவிடும். ஆயினும் புட்பகம் இராவணன் செய்ததன்று. தமையன் குபேரனிடமிருந்து பறித்துக்கொண்டது. தாமே தம் கையால் விமானம் செய்து, தாமே அதில் ஏறிப் பறக்கும் சாதாரண மனிதர் பலர் உலகில் இருக்கின்றனர். அவர்களைப் பற்றியும், அவர்கள் கூடி நடத்தும் கழகங்களைப் பற்றியுமே நாம் இன்று பேசப் புகுகின்றோம்.

இதற்கு நெருங்கிய கதை நம் இலக்கியத்திலே உண்டு. சீவக சிந்தாமணியில், அமைச்சன் கட்டியங்காரனிடம் நாட்டை ஒப்படைத்த சச்சந்தன், வரப்போகும் ஆபத்தை உணர்ந்து, கருவுற்றிருந்த தன் தேவி விசயைக்காக மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கின்றான். பொறியை வலப்புறம் திரித்தால் மயில் மேலே எழும். இடப்புறம் திரித்தால் கீழே இறங்கும். இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பொறியைச் செய்வித்ததோடு மன்னன் நின்றுவிடவில்லை. ஆபத்து வருவதற்கு முன்னரே தேவியை அதில் ஏற்றிப் பழக்கினான். செய்வது ஒரு கலை, செலுத்துவது வேறொரு கலை. இரண்டும் கூடினாலன்றி உயிர் தப்பாது என்பதைத் திருத்தக்கதேவர் அன்றே அறிந்திருந்தார்.

நம் வானத்தின் கதை

நமது துறைமுகப் பகுதியில் விமானம் என்ற சொல் இனிய சொல்லாக இருந்ததில்லை. 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி காலை, ஜப்பானியக் கப்பல்களிலிருந்து எழுந்த நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. அங்கிருந்து எழும்பிய பிரித்தானிய ஹரிக்கேன் விமானங்கள் எண்ணிக்கையிற் குறைந்தவை. எண்ணெய்க் குதம் எரிந்த கதையைப் பாட்டன்மார் சொல்லக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் இங்கு இன்றும் உள்ளன.

1957 இல் பிரித்தானியர் சீனக்குடாவை இலங்கை விமானப் படையிடம் ஒப்படைத்தனர். விமானிகளைப் பயிற்றும் இடமாக அது இன்றும் விளங்குகின்றது. ஆனால் பின்வந்த போர்க்காலத்தில், வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த பிள்ளைகளுக்கு வானத்து இரைச்சல் என்றால் பதுங்குகுழிக்கு ஓடவேண்டும் என்பதே பொருளாயிற்று. 2008 ஆகஸ்ட் 26 ஆந் திகதி இரவு, விடுதலைப் புலிகளின் இலகு விமானம் திருகோணமலைக் கடற்படைத் தளத்தின்மீது குண்டு வீசியது. வேறு நாடுகளில் ஓய்வுநாளில் உல்லாசமாகப் பறப்பதற்கும் பறக்கப் பழகுவதற்கும் பயன்படும் சிறு விமான வகையே இங்கு குண்டு சுமந்தது. போர் 2009 இல் முடிந்தது. பயம் அத்தனை விரைவில் முடிவதில்லை.

ஆகையால், விமானத்தை ஓடி ஒளிவதற்குரிய பொருளாக மட்டும் அறிந்த ஓர் ஊரின் பிள்ளைகள், அதனை அளந்து, அறுத்து, பொருத்தி, புரிந்துகொள்ளத்தக்க பொருளாக அறிவது சிறிய மாற்றமன்று. வீட்டு விமானக் கழகங்களின் கதையை இப்பத்தியிற் சொல்லத் துணிவதற்குக் காரணம் அதுவே.

முதல் விமானமே வீட்டு விமானம்

உலகின் முதல் விமானத்தை எந்தப் பெருந்தொழிற்சாலையும் செய்யவில்லை. சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர் இருவர், தங்கள் கடையிலேயே மரத்தாலும் துணியாலும் அதனை அமைத்தனர். அதற்குரிய இயந்திரத்தையும் அக்கடையின் தொழிலாளி சார்லி டெய்லரே செய்துகொடுத்தார். 1903 டிசம்பர் 17 ஆந் திகதி அது முதன்முதலாகப் பறந்தது 12 விநாடி. கடந்த தூரம் 120 அடி.

பாரிஸ் நகரில் வாழ்ந்த பிரேசில் நாட்டவரான சான்ரோஸ் துமோன் இன்னும் ஒருபடி மேலே சென்றார். 'தெமுவாசெல்' என்னும் தம் சிறு விமானத்தின் வரைபடங்களுக்கு உரிமை கோராது, விரும்பியவர் செய்துகொள்ளலாம் என்று உலகுக்கு வழங்கிவிட்டார். 1910 இல் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்று அவ்வரைபடங்களை வெளியிட்டது. கைத்தொழில் தெரிந்த எவரும் வானேறலாம் என்ற ஆசை அன்று வேர்கொண்டது.

வானத்துப் பேன்

ஆசை மட்டும் போதுமா? போதாது என்பதை உலகுக்கு உணர்த்தியவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி மின்யே. 1933 இல் அவர் செய்த சிறு விமானத்துக்கு 'வானத்துப் பேன்' என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். ஆங்கிலேயர் அதனைப் 'பறக்கும் தெள்ளு' என்றழைத்தனர். ஒன்றன்பின் ஒன்றாக இரு சிறகுகள், மோட்டார் சைக்கிளுக்குரியது போன்ற சிறு இயந்திரம், ஒருவர் மட்டும் அமரும் இருக்கை. ஒரு மரப்பெட்டியை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவன் இதனையும் செய்யலாம் என்று அவர் தம் நூலில் நம்பிக்கையூட்டினார். பிரான்சிலும் இங்கிலாந்திலும் தச்சரும் எழுதுவினைஞரும் இளைஞரும் கொல்லைப்புறங்களில் மரம் இழைக்கத் தொடங்கினர்.

பின்னர் மரணச் செய்திகள் வந்தன. நல்ல காலநிலையில், வெளிப்படையான உடைவு எதுவுமின்றி, சில விமானங்கள் மூக்குக் குப்புற விழுந்து விமானிகள் மாண்டனர். 1936 இல் இங்கிலாந்திலும் பிரான்சிலும் முழு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தனர். குற்றம் அப்போது வெளிப்பட்டது. விமானத்தின் மூக்கு ஓரளவுக்குமேல் தாழ்ந்துவிட்டால், அதனை நிமிர்த்துவதற்காக விமானி முன்சிறகைச் சாய்க்கும்போது, இரு சிறகுகளுக்கும் இடையே பாயும் காற்று பின்சிறகையே மேலும் தூக்கியது. வால் உயர்ந்தது, மூக்கு மேலும் தாழ்ந்தது. விமானி எவ்வளவு முயன்றாலும் மீள வழியில்லை. அவ்வகை விமானங்கள் பறப்பது தடுக்கப்பட்டது. குற்றம் தெரிந்தபின் அமைப்பு திருத்தப்பட்டது, மாண்டவர் மீளவில்லை.

மாண்டவர்களுள் பலர் கைத்திறன் குறைந்தவரல்லர். மின்யேயும் வஞ்சகரல்லர், தாம் செய்ததில் தாமே பறந்தவர். குறை எங்கே இருந்தது எனின், அவரவர் தத்தம் முற்றத்தில் தனித்தனியே நின்றதில் இருந்தது. ஒருவன் கண்ட தடுமாற்றம் அடுத்தவனுக்கு எட்டவில்லை.

கழகம் எதற்கு?

இரண்டாம் உலகப் போரின்பின் எழுந்த கழகங்கள் இப்பாடத்தின் மீதே கட்டப்பட்டவை. இங்கிலாந்தில் 1946 இல் இலகு விமானச் சங்கம் ஒன்று தோன்றியது. பெயர்கள் மாறினும் அது இன்றும் நடைபெறுகின்றது. அமெரிக்காவில் 1953 ஜனவரியில், விஸ்கொன்சின் மாநிலத்து மில்வோக்கி நகரில், போல் பொபரெஸ்னி என்னும் விமானி தம்மையொத்த ஆர்வலர் சிலரைக் கூட்டிப் பரீட்சார்த்த விமானச் சங்கத்தை ஆரம்பித்தார். அச்சங்கம் இன்று உலகெங்கும் கிளை பரப்பி நிற்கின்றது. 1970 முதல் ஆண்டுதோறும் ஒஷ்கொஷ் என்னும் ஊரில் அது நடத்தும் பெருவிழாவுக்கு ஆயிரக்கணக்கான விமானங்கள் பறந்துவந்து இறங்குகின்றன. 1986 டிசம்பரில், இடையில் எரிபொருள் நிரப்பாமலே 9 நாளில் உலகைச் சுற்றிவந்த 'வோயேஜர்' விமானமும் தொண்டர்களின் துணையோடு மொஹாவே பாலைவனத்துக் கொட்டகையொன்றில் உருவானதே.

விழா ஆண்டுக்கு ஒருமுறை. கழகத்தின் உண்மையான வேலை மாதந்தோறும் நடைபெறுவது. ஒரு கிளையில் இருபது, முப்பது பேர் இருப்பர். ஆசிரியர், தச்சர், வைத்தியர், தபாற்காரர் எனப் பலரும் கலந்திருப்பர். ஒருவரிடம் உள்ள துளையிடும் கருவியை மற்றவர் வாங்கிச் செல்வர். ஒருவர் அலுமினியத் தகட்டில் ஆணி அறையும் முறையைக் காட்ட, மற்றவர் கண்ணாடியிழைக்குப் பிசின் பூசும் முறையைக் காட்டுவார். ஒரு விமானத்தைச் செய்து முடிக்க ஆயிரம், இரண்டாயிரம் மணி நேர உழைப்பு வேண்டும். மாலை வேளைகளையும் ஓய்வு நாட்களையும் மட்டும் நம்புவோருக்கு இது பல ஆண்டு வேலை. தொடங்கியவர் பலர் பாதியில் விடுவதும் உண்டு. 'இன்னும் முடியவில்லையா?' என்று வீட்டார் கேட்கும் காலத்தில் தோள் தட்டுவதற்கும் கழகமே துணை.

அனைத்திலும் முதன்மையானது பரிசோதனை. சிறகின் உட்புறத்தைத் தகட்டால் மூடுவதற்கு முன், அனுபவம் மிக்க ஓர் அங்கத்தவர் வந்து ஒவ்வோர் இணைப்பையும் பார்ப்பார். மூடியபின் பார்க்க இயலாதல்லவா? ஒவ்வொரு நாளும் செய்த வேலையைச் செய்தவர் குறிப்பேட்டில் எழுதி, புகைப்படமும் ஒட்டி வைப்பார். பறக்குமுன் மூன்று சில்லுகளின் கீழும் மூன்று தராசுகளை வைத்து விமானத்தை நிறுப்பர். மொத்த நிறையோடு, அந்நிறை எந்தப் புள்ளியிற் குவிகின்றது என்பதையும் கணிப்பர். அப்புள்ளி உரிய எல்லைக்குப் பின்னே போய்விட்டால், தடுமாறும் விமானத்தை மீட்பது அரிது. அமெரிக்காவில் அரசாங்கத்தின் பரிசோதகர் ஒப்பமிட்ட பிறகும், வழக்கமாக முதல் 25 முதல் 40 மணி நேரம் வரை குறித்த பிரதேசத்துக்குள்ளேயே சோதனையாகப் பறக்கவேண்டும், பயணிகளை ஏற்றலாகாது.

ஒரு திருகும் ஒரு துளையும்

இத்தனை கண்டிப்பும் வேண்டுமா என்று கேட்போருக்கு இரு நிகழ்ச்சிகளைக் கூறலாம்.

ஜோன் டென்வர் என்னும் அமெரிக்கப் பாடகர் புகழ்பெற்றவர், அனுபவமுள்ள விமானியுங்கூட. வேறொருவர் செய்த வீட்டு விமானமொன்றை அவர் விலைக்கு வாங்கினார். 1997 ஒக்டோபர் 12 ஆந் திகதி கலிபோர்னியக் கரையோரத்தில் அது கடலில் வீழ்ந்து அவர் இறந்தார். ஒரு தாங்கியிலிருந்து மற்றத் தாங்கிக்கு எரிபொருளை மாற்றும் திருகைச் செய்தவர் மூலவரைபடத்தில் உள்ளபடி அமைக்காமல், விமானியின் இடது தோளுக்குப் பின்னே அமைத்திருந்தார். அதனைத் திருப்ப வேண்டுமாயின் உடலை முறுக்கிப் பின்னே கையெட்ட வேண்டும். அவ்வாறு திரும்பியபோது விமானத்தின் கட்டுப்பாடு தவறியது என விசாரணையாளர் முடிவு செய்தனர். புறப்படுமுன் எரிபொருளைச் சரிவரப் பாராததும், அவ்விமானத்திற் போதிய பழக்கம் இல்லாததும் கூடவே குறிக்கப்பட்டன. செய்தவருக்கு அது சிறு மாற்றம். அமர்ந்தவருக்கு அதுவே உயிர். விசயையைப் பழக்கிய சச்சந்தனை இங்கே நினைத்துக்கொள்ளத் தோன்றுகின்றது.

மற்றது அண்மைக் காலத்தது. வீட்டு விமானத்துக்குரிய பாகங்களைத் தொகுதியாக விற்கும் அமெரிக்க நிறுவனங்களுள் முதன்மையானது 'வான்ஸ்'. அதன் தொகுதிகளால் ஆன 10,000 க்கு மேற்பட்ட விமானங்கள் பறந்துள்ளன. சில ஆண்டுகளுக்கு முன், அந்நிறுவனம் அனுப்பிய தகடுகள் சிலவற்றின் ஆணித்துளைகள் லேசர் கதிரால் வெட்டப்பட்டிருந்தன. ஆணித்தலை பதிவதற்காகத் துளையின் விளிம்பைக் குழிக்கும்போது மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுவதை, வீடுகளில் வேலைசெய்த அன்பர்களே கண்டு சொன்னார்கள். ஒருவர் கண்டதைப் பலர் தம் தகடுகளிலும் தேடினர். நிறுவனம் மாற்றுத் தகடு கொடுக்க நேர்ந்தது. இதுவும் வேறு நட்டங்களும் சேர, 2023 டிசம்பரில் அது நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடி, 2024 இல் மீண்டது. மின்யேயின் காலத்தில் தனித்தனியே நின்ற கண்கள் இப்போது சேர்ந்து பார்க்கக் கற்றுவிட்டன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நம்மவரும் அயலவரும்

இவையெல்லாம் செல்வந்த நாட்டார் விளையாட்டு என்று ஒதுக்குவாரும் உளர். நம் நாட்டிலேயே ரே விஜேவர்தன என்னும் பொறியியலாளர் (1924-2010) இருந்தார். கேம்பிறிட்ஜில் கற்றவர், 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக் போட்டியில் இலங்கைக்காகப் பாய்க்கப்பல் செலுத்தியவர், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தவர். சிறு விமானங்களைத் தாமே அமைத்துத் தாமே ஓட்டிய அவர், வயலுழும் இருசில்லு உழவு இயந்திரத்தையும் உருவாக்கினார். பிற்காலத்தில், அவ்வியந்திரம் சிறு விவசாயிக்கு உண்மையில் நன்மை செய்ததா என்று தாமே கேள்வி எழுப்பி, மண்ணைக் காக்கும் வேளாண்மையின் பக்கம் திரும்பினார். தம் கைவேலையைத் தாமே மறுபடி சோதிக்கும் இத்துணிவு விமானம் செய்வோருக்கு இன்றியமையாத குணம்.

கேரளத்துத் தொடுபுழையைச் சேர்ந்த சஜி தோமஸ் செவிப்புலனும் பேச்சும் இல்லாதவர்; பள்ளிப் படிப்பும் இடையிலே நின்றது. அவர் பல ஆண்டு பாடுபட்டுச் செய்த இருவர் அமரும் இலகு விமானம், 2014 இல் தமிழ்நாட்டின் திருநெல்வேலிச் சீமையில், மணிமுத்தாற்றின் அயலிலுள்ள தனியார் ஓடுபாதையிலே பறந்தது. அதனைச் சோதித்துப் பறந்தவர் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி. இங்கும் இரண்டாவது கண் வேண்டியிருந்தது. மும்பாயில் அமோல் யாதவ் என்னும் விமானி, குடியிருப்பு மாடியின் மொட்டைத் தளத்திலேயே ஆறுபேர் அமரும் விமானத்தைக் கட்டினார். 2016 இல் கண்காட்சியில் வைக்கப்பட்ட அவ்விமானத்துக்கு, நெடிய அலைச்சலின்பின் 2017 இல் பதிவுச் சான்று கிடைத்தது. இங்கிலாந்தில் வாழும் கேரளத்துப் பொறியியலாளர் அசோக் தாமராட்சனோ, கொரோனா ஊரடங்குக் காலத்தில் நால்வர் அமரும் விமானத்தைத் தம் வீட்டிலே பொருத்தத் தொடங்கி, 2022 இல் குடும்பத்தோடு ஐரோப்பாவில் உலா வந்தார்.

அலைந்தவரையும் உலா வந்தவரையும் பிரித்தது திறமையன்று. ஒருவர் வாழ்ந்த நாட்டில், வழிகாட்டவும் பரிசோதிக்கவும் பழகிய சங்கம் ஏற்கெனவே இருந்தது. மற்றவர் அதிகாரிகளுக்கும் புதிய வழியைத் தாமே திறந்துகாட்ட வேண்டியிருந்தது.

பட்டத்திலிருந்து பாடம்

நமக்கு இதில் அடிப்படை இல்லையா? உண்டு. தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குச் சென்று பாருங்கள். ஆள் உயரத்துக்கு மேற்பட்ட பட்டங்கள், பற்பல உருவங்களில், அவ்வூர் இளைஞர் கைவண்ணமாக வானேறும். மூங்கிலைச் சீவி, நிறை பார்த்து, சமன் செய்து, முச்சை கட்டும் அக்கைகளுக்கு விமானக் கலையின் முதற்பாடம் தெரியும். முச்சை நூல் ஒரு விரற்கடை ஏறினாலோ இறங்கினாலோ பட்டம் காற்றைச் சந்திக்கும் சாய்வு மாறும், எழவேண்டியது கவிழும். விமானச் சிறகின் சாய்வும் இவ்விதிக்கு உட்பட்டதே. பட்டம் கட்டுவோர் ஒருவர் கட்டியதை மற்றவர் தூக்கிப் பார்த்துக் குறை சொல்வதும், கட்டியவர் அவிழ்த்து மறுபடி கட்டுவதும் அங்கு இயல்பு. இதுவும் ஒரு கழகமே.

நமது மாவட்டத்திலோ மீன்பிடி வள்ளங்களுக்குக் கண்ணாடியிழை பொருத்தும் கைகளும், மரத்தின் வைரம் பார்க்கும் தச்சரும், கடல் நடுவே நின்ற இயந்திரத்தை மீண்டும் ஓடச் செய்யும் தொழிலாளரும் உளர். கையில்லாத குறை இல்லை. பௌதிகப் பாடத்தைப் பரீட்சைத் தாளோடு முடித்துவிடும் மாணவரையும், கைவினையைக் கணக்கோடு சேர்த்துப் பாராத தொழிலாளரையும் ஒரே மேசையில் அமர்த்துவாரே இல்லை. பாடசாலை விஞ்ஞான மன்றங்கள் பல்சா மரத்தாலும் கடதாசியாலும் மாதிரி மிதவை விமானங்கள் செய்யத் தொடங்கலாம். அதற்குச் செலவு சிறிது. ஆளேறும் விமானமோ, இயந்திரம் பூட்டிப் பறக்கவிடும் கருவியோ எனின், 2010 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டமும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளும் உள்ளன. துறைமுகமும் படைத்தளமும் அடுத்தடுத்துள்ள நம் ஊரில் அவ்விதிகளை அறியாது எதையும் வானேற்றல் கூடாது. விதியைத் தடையென்று எண்ணும் மாணவர், திருகின் இடத்தை மாற்றியதால் விளைந்ததை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

மாணவச் செல்வங்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. தனியே செய்து மகிழ்வது நல்லது. செய்ததை மூடுமுன் இன்னொருவரை அழைத்துக் காட்டுவது அதனினும் நல்லது. 'இங்கே பிழை' என்று அவர் சொல்லும்போது முகம் சுளியாது, ஆணியைக் கழற்றி மறுபடி அறையப் பழகுங்கள். அப்பழக்கம் வாய்த்த பிள்ளை விமானம் செய்யாவிடினும், பாலமோ படகோ மருந்தோ எதனைச் செய்தாலும், அதனை நம்பி ஏறுவோர் உயிரோடு கரைசேர்வர்.